ஐஸ் பெட்டிக்கு வேறு வேலை இருக்கிறது

எங்கள் ஊர் கபடி மைதானத்தின் ஓரத்தில் ஒரு தெர்மாகோல் பெட்டி இருக்கும். மாலை ஆட்டத்துக்கு முன்னால் மீன் கடையில் உடைத்த ஐஸ் வாங்கி அதில் நிரப்பி வைப்போம். யாருக்காவது கால் பிசகினால் நாலு பேர் அந்தப் பெட்டியை நோக்கி ஓடுவார்கள். ஒருவன் ஸ்பிரேயைக் குலுக்குவான். இன்னொருவன் கிரேப் பேண்டேஜ் உறையைப் பல்லால் கிழிப்பான். நானும் அப்படி ஓடியவன்தான். பதினைந்து வருடம் ஆடிவிட்டு இப்போது பையன்களுக்குக் கூடமாட நிற்கிறேன். அடிபட்டவனுக்கு உடனே ஏதாவது செய்தாக வேண்டும், அதுவும் எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி செய்தாக வேண்டும் என்று ஒரு பதைப்பு. செய்ததில் பாதி அந்தப் பதைப்பைத் தணிக்க மட்டுமே உதவியது என்பது ரொம்பப் பின்னால்தான் விளங்கியது.

அந்த ஐஸுக்கு ஒரு கதை உண்டு. 1978-இல் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின் தன் விளையாட்டு மருத்துவப் புத்தகத்தில், ஓய்வு, ஐஸ், இறுக்கிக் கட்டுதல், உயர்த்தி வைத்தல் என்ற நான்கின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ரைஸ்’ என்று ஒரு சூத்திரம் தந்தார். அரிசி என்றும் பொருள் வருவதால் ஒருமுறை கேட்டவர்கள் மறக்கவில்லை. உலகம் முழுக்கப் பி.டி. வாத்தியார்கள் அதை மனப்பாடமாக ஒப்பித்தார்கள். 2014-இல் அதே மிர்கின், ஐஸும் முழு ஓய்வும் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று எழுதித் தன் சூத்திரத்தைத் தானே திருத்திக்கொண்டார். சூத்திரம் வந்த வேகத்தில் திருத்தம் நம் மைதானங்களுக்கு வரவில்லை.

நான் மருத்துவன் இல்லை. பிசியோக்களிடம் கேட்டும், படித்தும், கொஞ்சம் சொந்த உடம்பில் பட்டும் மாற்றிக்கொண்டவை இவை.

விழுந்த அந்த நிமிடம்

செய்யாதீர்கள்: கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தாதீர்கள்.

அவனாக எழ முயலும்வரை பொறுங்கள். கழுத்து வலிக்கிறது, கை கால் மரத்திருக்கிறது என்றால் அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். தோள்பட்டை விலகியிருந்தால், “தள்ளுங்க, நான் போட்டு விடுறேன்” என்று முன்னால் வருகிற ஒருவர் ஊருக்கு ஊர் இருப்பார். விலகலோடு முறிவும் சேர்ந்திருக்கலாம். எக்ஸ்ரே பார்க்காமல் அவரை இழுக்க விடாதீர்கள்.

செய்யுங்கள்: விரலால் அழுத்திப் பாருங்கள், நாலு அடி நடக்கச் சொல்லுங்கள்.

கணுக்கால் பிசகியதும் எல்லாருக்கும் எழும் கேள்வி, “எலும்பா, ஜவ்வா?” என்பதுதான். இதற்குக் கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-இல் ஓர் எளிய வழி சொன்னார்கள். கணுக்காலின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் துருத்தி நிற்கும் இரண்டு முட்டுகளின் பின்விளிம்பை, நுனியிலிருந்து மேலே ஆறு சென்டிமீட்டர் வரை அழுத்திக்கொண்டே போக வேண்டும். அடுத்து, பாதத்தின் வெளி ஓரத்தில் நடுவாகத் தட்டுப்படும் எலும்பு. கடைசியாக, பாதத்தின் உள்பக்கம் வளைவுக்கு மேலே இருக்கும் எலும்பு. இந்த இடங்களில் எலும்பின் மேலேயே வலித்தாலோ, நொண்டிக்கொண்டாவது நாலு அடி வைக்க முடியாமல் போனாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் முறிவு இருக்க வாய்ப்பு மிக மிகக் குறைவு.

வீக்கம் எவ்வளவு பெரிது என்பது இந்தக் கணக்கில் வரவே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? நாம் அதை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்று மட்டும்: சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்கும், குடித்திருப்பவர்களுக்கும், சின்னக் குழந்தைகளுக்கும் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம்.

செய்யாதீர்கள்: “இது எத்தனை விரல்?” என்று கேட்டுவிட்டு உள்ளே அனுப்பாதீர்கள்.

சினிமாவில் பார்த்துக் கற்ற வைத்தியம் இது. தலையில் அடி வாங்கியவன் விரலைச் சரியாகவே எண்ணிவிடுவான். எந்த ஊர் மைதானம், இது முதல் பாதியா இரண்டாம் பாதியா, கடைசிப் பாயின்ட் யார் எடுத்தது என்று கேளுங்கள். தடுமாறினால் சந்தேகமே வேண்டாம். தடுமாறாவிட்டாலும் அன்றைக்கு அவன் ஆட்டம் முடிந்தது.

ஏன் இவ்வளவு கறார்? 2019 ஆகஸ்டில் லார்ட்ஸ் டெஸ்டில் ஜோஃப்ரா ஆர்ச்சரின் பந்து ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தைத் தாக்கியது. உலகத் தரமான மருத்துவக் குழு சோதித்தது, அவர் தேறினார், திரும்பி வந்து 92 வரை ஆடினார். மறுநாள்தான் தலைவலியும் மந்தமும் தெரிய, ஆட்டத்திலிருந்து விலக்கப்பட்டார். அதே மாதம் முதல் தேதி நடைமுறைக்கு வந்திருந்த ஐசிசி விதிப்படி அவருக்குப் பதிலாக லபுஷேன் இறங்கினார். நிபுணர்கள் கண்ணுக்கே ஒரு ராத்திரி கழித்துத் தெரிந்தது நமக்கு ஐந்து நிமிடத்தில் எப்படித் தெரியும்?

2002-இல் ஆன்டிகுவாவில் உடைந்த தாடையைக் கட்டிக்கொண்டு வந்து லாராவை வீழ்த்திய கும்ப்ளேயை எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்த தலைமுறைதான் “அண்ணே, ஒண்ணுமில்ல, நான் ஆடுறேன்” என்று எழுந்து நிற்கிறது. அப்படிச் சொல்கிறவனைத்தான் முதலில் உட்கார வைக்க வேண்டும். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, குழப்பம், வலிப்பு, எழுப்பினால் எழாத தூக்கம் – இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஆஸ்பத்திரிதான். அதே சமயம், இருட்டறையில் வாரக்கணக்கில் படுக்கப் போடுவதும் இப்போது கைவிடப்பட்டுவிட்டது. ஒன்றிரண்டு நாள் ஓய்வு, பிறகு மெல்ல நடை, படிப்படியாக மற்றவை என்பதே இன்றைய முறை.

முதல் சில நாள்

செய்யாதீர்கள்: வீக்கத்தை விரட்டி அடிக்கப் பார்க்காதீர்கள்.

காயம் பட்ட இடத்துக்கு ரத்தமும் வெள்ளணுக்களும் வருவதால்தான் அது சூடாகி, சிவந்து, வீங்குகிறது. வருகிறவர்கள் கொத்தனார்கள். கிழிந்த திசுவை அப்புறப்படுத்திப் புதியதைக் கட்டப் போகிறவர்கள். ஐஸ் வலியை மரக்க வைக்கும், அது உண்மை. வலி தாங்கவில்லையென்றால் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வைத்து எடுங்கள். மணிக்கணக்கில் வைத்தால் சீக்கிரம் ஆறும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. வெறும் தோலில் வைத்தால் தோல்தான் வெந்துபோகும். தினமும் ஜிம்மில் எடை தூக்கிவிட்டு ஐஸ் தொட்டியில் இறங்கிப் படம் போடும் தம்பிகளுக்கு ஒரு சேதி: அந்தக் குளியல் தசை வளர்வதை மட்டுப்படுத்துகிறது என்று 2015-இல் வந்த ஆய்வு சொல்கிறது.

செய்யாதீர்கள்: நீவி விடாதீர்கள். யார் வந்தாலும்.

இதைச் சொன்னால் வீட்டில் சண்டை வரும். சுளுக்கு எடுக்கும் தாத்தாவிடம் போய், எண்ணெய் போட்டு, கத்தக் கத்த நீவிக்கொண்டு திரும்பியவர்கள் நாம். நாள்பட்ட பிடிப்புக்கு இதமான தேய்ப்பு சுகம் தரலாம். அதோடு எனக்குச் சண்டை இல்லை. புதுக் காயத்தில் கதை வேறு. எதிராளியின் முழங்கால் தொடையில் இடித்து உள்ளே ரத்தம் கட்டியிருக்கும்போது அழுத்தி நீவினால் ரத்தக்கசிவு கூடும். அதைவிட மோசம், கட்டிய அந்த ரத்தம் கரைவதற்குப் பதிலாகத் தசைக்குள்ளேயே எலும்பாக மாறத் தொடங்கலாம். தசைக்குள் எலும்பு என்பது கேட்கக் கதை மாதிரி இருக்கும். ஆனால் நம் ஊர் எலும்பு மருத்துவர்கள் யாரைக் கேட்டாலும், முழங்கையில் அடிபட்டு, ஊரில் நீவிவிட்டு, பிறகு கையை மடக்கவும் முடியாமல் நீட்டவும் முடியாமல் வந்து நின்ற ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்வார்கள். தொடையும் முழங்கையும் இந்த விஷயத்தில் மிகவும் மோசமான இடங்கள்.

மூங்கில் பத்தை வைத்து இறுக்கும் கட்டும் அப்படியே. கட்டிய பின் விரல் நுனி மரத்தால், நீலம் பாரித்தால், விரலை நீட்டும்போது உயிர் போகிற மாதிரி வலித்தால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கட்டை அவிழ்த்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். ரத்த ஓட்டம் சில மணி நேரம் நின்றாலே கைத்தசை செத்துவிடும்.

பாட்டி போட்ட புளி, உப்புப் பற்றை நான் குறை சொல்ல மாட்டேன். கொதிக்கக் கொதிக்கப் போடாதவரை அதனால் கெடுதல் இல்லை. பற்று காயும்வரை ஆளை ஒரே இடத்தில் உட்கார வைத்ததுதான் அதன் நிஜமான பலன் என்று எனக்குத் தோன்றுகிறது.

செய்யுங்கள்: இரண்டு மூன்று நாளில் காலை ஊன்றத் தொடங்குங்கள்.

கல்லூரியில் எனக்கு வெறும் சுளுக்குக்கே மூன்று வாரம் மாவுக்கட்டு போட்டார்கள். கட்டைப் பிரித்தபோது கெண்டைக்கால் வாழைத்தண்டு மாதிரி இளைத்திருந்தது. நேராக ஆடப் போனேன். அந்த வருடத்திலேயே அதே கால் இன்னும் இரண்டு முறை பிசகியது. அதிர்ஷ்டம் கெட்ட கால் என்று நண்பர்கள் சொன்னார்கள், நானும் நம்பினேன்.

ஜவ்வு ஆறுவதற்கு இழுவிசை வேண்டும். எந்தத் திசையில் பாரம் வருகிறதோ அந்தத் திசையில்தான் புது இழைகள் ஒழுங்காக அமைகின்றன. அதனால்தான் 2019-இல் கனடாவின் பிசியோக்கள் பிளெய்ஸ் டுபுவாவும் ழான்-பிரான்சுவா எஸ்கூலியேவும் முன்வைத்த புதிய வழிமுறையில் ஐஸ் இல்லை. முதல் சில நாள் பாதுகாப்பு, பிறகு அளவான பாரம், ரத்த ஓட்டத்தைக் கூட்டும் உடற்பயிற்சி, கூடவே நம்பிக்கை. வீக்கத்தைக் குறைக்கும் மாத்திரைகளைக்கூட முதல் நாட்களில் தவிர்க்கப் பார்க்கச் சொல்கிறார்கள். எவ்வளவு பாரம் என்று கேட்டால், மறுநாள் காலை வலி முந்தைய நாளைவிடக் கூடாதிருந்தால் அளவு சரி என்பது என் பிசியோ எனக்குச் சொன்ன கணக்கு.

சமநிலைப் பயிற்சிக்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம். பல் துலக்கும்போது அடிபட்ட காலில் மட்டும் நில்லுங்கள். பழகியபின் கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள், பக்கத்தில் சுவர் இருக்கட்டும். சுளுக்கியபோது ஜவ்வோடு சேர்ந்து, கால் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வும் மழுங்கிப் போகிறது. அதைத் தீட்டிக்கொள்ளாமல் ஆடத் திரும்பியதுதான் என் காலின் அதிர்ஷ்டக் குறைவு.

மாதங்கள் ஆகியும் போகாத வலி

செய்யுங்கள்: வலிக்கும் தசைநாணுக்கு வேலை கொடுங்கள்.

ஸ்வீடனில் ஹோகன் ஆல்ஃபிரட்சன் என்ற எலும்பு மருத்துவருக்குக் குதிகாலுக்கு மேலே தீராத வலி. ஓட முடியவில்லை. ஆபரேஷன் செய்துவிடுங்கள் என்று தன் மேலதிகாரியிடம் கேட்டார். விடுப்பு தர முடியாது என்று அவர் மறுத்துவிட்டார். சரி, தசைநாண் அறுந்தே போனால் ஆபரேஷன் செய்துதானே ஆக வேண்டும் என்று ஆல்ஃபிரட்சன் வீம்பாக, வலிக்க வலிக்கக் குதிகாலைக் கீழே இறக்கும் பயிற்சியைச் செய்யத் தொடங்கினார். அறுக்கப் போனது ஆறிவிட்டது! 1998-இல் அதையே ஆய்வாக வெளியிட்டார். படிக்கட்டு விளிம்பில் முன்பாதம் ஊன்றி நின்று, குதிகாலை மெல்லக் கீழே இறக்க வேண்டும்; பதினைந்து முறை, மூன்று தடவை. முட்டியை நீட்டி ஒரு சுற்று, லேசாக மடக்கி ஒரு சுற்று. காலை, மாலை இரு வேளையும், பன்னிரண்டு வாரம். அதில் பங்கெடுத்த பதினைந்து ஓட்டக்காரர்களும் மறுபடி ஓடினார்கள்.

பிறகு வந்தவர்கள் எண்ணிக்கையைக் குறைத்தும் எடையைக் கூட்டியும் மாற்றிப் பார்த்திருக்கிறார்கள், பலன் கிடைக்கிறது. மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை. நம்மவர்கள் பத்தாம் நாளே “ஒண்ணும் கேக்கல” என்று விட்டுவிடுகிறோம்.

செய்யாதீர்கள்: “ஒரு ஊசி போட்டா சரியாயிடும்” என்று போய் உட்காராதீர்கள்.

ஸ்டீராய்டு ஊசி போட்ட சில வாரம் சொர்க்கம். டென்னிஸ் எல்போவில் ஊசி போட்டவர்கள், ஆறு மாதம், ஒரு வருடம் கழித்துப் பார்க்கும்போது போடாதவர்களைவிடப் பின்தங்கியிருந்தார்கள் என்று 2010-இல் ‘லான்செட்’ இதழ் வெளியிட்ட தொகுப்பாய்வு காட்டியது.

செய்யாதீர்கள்: எம்.ஆர்.ஐ. தாளை ஜாதகம் மாதிரி படிக்காதீர்கள்.

முதுகுவலியே இல்லாத இருபது வயதுக்காரர்களில்கூட 37 சதவீதம் பேருக்கு ஸ்கேனில் டிஸ்க் தேய்மானம் தெரிகிறது. தாளில் இருப்பதெல்லாம் வலிக்குக் காரணம் ஆகிவிடாது.

முட்டி ஜவ்வு கிழிந்தால்

கபடியில் இது எல்லாரும் பயப்படும் சொல். ரைடு போனவன் திரும்பும்போது கால் தரையிலேயே ஊன்றி நிற்க, உடம்பு மட்டும் சுழலும். ‘டப்’ என்று ஒரு சத்தம். மண்ணில் ஆடியபோது கால் வழுக்கித் தப்பித்தது, மேட் விரிப்பில் ஒட்டிக்கொள்கிறது என்று மூத்த ஆட்டக்காரர்கள் சொல்வார்கள். கேட்க நியாயமாகத்தான் படுகிறது.

செய்யாதீர்கள்: அன்றைக்கே ஆபரேஷன் தேதி கேட்காதீர்கள்.

ஸ்வீடனில் இளம் வயதினர் 121 பேரை இரு பிரிவாக்கிப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு உடனே ஆபரேஷன். மற்றதற்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் பிறகு ஆபரேஷன். இரண்டு வருடம் கழித்தும் ஐந்து வருடம் கழித்தும் முட்டியின் நிலையில் பெரிய வித்தியாசம் இல்லை. பயிற்சிப் பிரிவில் ஏறக்குறைய பாதிப் பேர் கடைசிவரை ஆபரேஷன் இல்லாமலே சமாளித்தார்கள். கபடி, கால்பந்து மாதிரி திரும்பித் திரும்பி ஓடும் ஆட்டத்துக்கே மறுபடி போக வேண்டும், நடக்கும்போதே முட்டி நழுவுகிறது என்பவர்களுக்குப் பெரும்பாலும் கத்தி தேவைப்படும். அப்போதும் முதலில் வீக்கம் வடிந்து, முட்டி முழுசாக நீண்டு, தொடைத் தசை வலுவான பிறகு போனால் நல்லது.

செய்யாதீர்கள்: ஆறாம் மாதம் டோர்னமென்ட் இருக்கிறது என்று இறங்காதீர்கள்.

ஆபரேஷனுக்குப் பின் ஒன்பது மாதம் வரை, தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மறுபடி அடிபடும் வாய்ப்பை ஏறத்தாழ பாதியாகக் குறைக்கிறது என்று 2016-இல் வெளியான நார்வே ஆய்வு சொல்கிறது. ஒன்பது மாதம் ஆனால் மட்டும் போதாது. ஒற்றைக்காலில் தாவும் தூரமும் தொடை வலுவும் நல்ல காலோடு ஒப்பிட்டால் குறைந்தது 90 சதவீதம் இருக்க வேண்டும். உள்ளூர்க் கோப்பை அடுத்த பொங்கலுக்கும் வரும்.

அடிபடும் முன்பே

செய்யாதீர்கள்: வட்டமாக நின்று இருபது எண்ணும்வரை இழுத்துக்கொண்டிருப்பதை வார்ம்-அப் என்று சொல்லாதீர்கள்.

ஆஸ்திரேலிய ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த 1,500-க்கும் மேற்பட்டவர்களிடம் பன்னிரண்டு வாரம் சோதித்து 2000-இல் வெளியிட்டார்கள். பயிற்சிக்கு முன் ஸ்ட்ரெச்சிங் செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் அடிபட்டதில் சொல்லும்படி வித்தியாசமில்லை. ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடித்தால் அதன் வேகமும் விசையும் சற்று நேரம் குறையவும் செய்யும். ஸ்ட்ரெச்சிங் பிடித்திருந்தால் ஆட்டம் முடிந்தபின் செய்யுங்கள்.

செய்யுங்கள்: வார்ம்-அப்புக்கான இருபது நிமிடத்தை உருப்படியாகச் செலவிடுங்கள்.

ஃபிஃபாவின் ‘11 பிளஸ்’ என்ற வார்ம்-அப்பில் ஓட்டம், வலு, தாவல், சமநிலை எல்லாம் கலந்து பதினைந்து பயிற்சிகள். ஒரு பந்து போதும், வேறு சாமான் வேண்டாம். நார்வேயில் 13 முதல் 17 வயது வரையான கால்பந்துப் பெண்களிடம் சோதித்து 2008-இல் வெளியிட்டபோது காயங்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன. இதில் நம் பள்ளிகள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: தாவி இறங்கும்போது முட்டி உள்பக்கம் மடியாமல் இறங்கக் கற்றுக்கொடுப்பது. பையன்களைவிடப் பெண்பிள்ளைகளுக்கு முட்டி ஜவ்வு கிழியும் ஆபத்து அதிகம் என்பதால் வாலிபால், கபடி ஆடும் மாணவிகளுக்கு இதைக் கட்டாயமாக்கலாம்.

செய்யுங்கள்: பின்தொடைக்கு ‘நார்டிக்’.

முழந்தாளிட்டு நில்லுங்கள், நண்பர் கணுக்காலை அமுக்கிப் பிடிக்கட்டும். முதுகை நேராக வைத்துக்கொண்டு மரம் சாய்வது போல மெல்ல முன்னால் சாயுங்கள், முடியாத இடத்தில் கையை ஊன்றிக்கொள்ளுங்கள். அவ்வளவுதான். பின்தொடைத் தசை கிழிவதை இது ஏறத்தாழ பாதியாகக் குறைக்கிறது. முதல் வாரம் மாடிப்படி இறங்கும்போது என்னைத் திட்டுவீர்கள். ஐந்து ஐந்தாக இரண்டு தடவையில் தொடங்குங்கள். தண்டாலும் பஸ்கியும் எடுக்கிற பையன்களுக்கு இது ஒன்றும் புதிய உலகமில்லை.

செய்யாதீர்கள்: வேகப்பந்து வீசும் பிள்ளையின் இடுப்புவலியை “வளர்ற வயசு” என்று தள்ளாதீர்கள்.

முதுகெலும்பில் நுண்முறிவாக இருக்கலாம். முதுகுப் பிரச்சினையால் 2022 டி20 உலகக் கோப்பையைத் தவறவிட்ட பும்ராவுக்கு அடுத்த ஆண்டு ஆபரேஷன் வரை போனது. பள்ளி அணி, அகாடமி, ஞாயிற்றுக்கிழமை கிளப் என்று மூன்று இடத்தில் வீசும் பையனின் ஓவர்களை யாராவது ஒருவர் மொத்தமாக எண்ண வேண்டும். அந்த வேலை அப்பா அம்மாவுடையது. எட்டு மணி நேரம் தூங்குகிறானா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

செய்யாதீர்கள்: மாரத்தானுக்கு முன் வலி மாத்திரை போடாதீர்கள். வியர்த்து வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தையும் வயிற்றையும் பதம் பார்க்கும். ஒவ்வொரு மேசையிலும் நின்று தண்ணீரை வலுக்கட்டாயமாகக் குடிக்கவும் வேண்டாம். தாகத்துக்குக் குடித்தால் போதும். 2002 பாஸ்டன் மாரத்தானில் பரிசோதித்த ஓட்டக்காரர்களில் 13 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. ஓடும்போதே எடை கூடும் அளவுக்குத் தண்ணீர் குடித்தவர்களிடம்தான் அது அதிகம்.

செய்யுங்கள்: ஐஸ் பெட்டியை நிரப்பியே வையுங்கள்.

சித்திரை வெயிலில் ஓடிக்கொண்டிருப்பவன் திடீரென்று உளறினால், தள்ளாடினால், கோபப்பட்டால், விழுந்தால் அது வெப்பத் தாக்கு. வியர்வை நின்றிருந்தால்தான் வெப்பத் தாக்கு என்பார்கள். ஓடி வருகிறவனுக்கு வியர்த்து ஊற்றிக்கொண்டே இருக்கும், ஏமாறாதீர்கள். உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டிய நிலையில் மூளையும் கல்லீரலும் வெந்துகொண்டிருக்கின்றன. முதல் அரை மணி நேரத்துக்குள் குளிர்வித்தாக வேண்டும். ஒருவர் 108-ஐக் கூப்பிடட்டும். மற்றவர்கள் நிழலுக்குக் கொண்டுபோய், கிடைத்த பெரிய தொட்டியில் தண்ணீரையும் பெட்டியிலிருக்கும் ஐஸ் முழுவதையும் கொட்டிக் கழுத்து வரை இறக்குங்கள். தலை மூழ்காமல் ஒருவர் அக்குளுக்கடியில் தாங்கிப் பிடித்திருக்க வேண்டும். தொட்டி இல்லையென்றால் ஐஸ் தண்ணீரில் நனைத்த துண்டுகளை உடம்பு முழுக்கப் போர்த்தி, சூடேற ஏற மாற்றிக்கொண்டே இருங்கள். நினைவு தெளியாதவன் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஆம்புலன்ஸ் வந்துவிட்டதே என்று பாதியில் தூக்கி ஏற்றவும் வேண்டாம். முதலில் குளிர வையுங்கள், பிறகு கொண்டுபோங்கள்.